ஷேடு கார்டைக் கையில எடுக்கும் முன்னாடி...

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சாச்சு. ஊருக்கு வந்து இறங்கி, அழுக்குத் துணி மூட்டையை அம்மா பக்கம் தள்ளிவிட்டு, 'பத்து நாளைக்கு யாரும் எழுப்பக் கூடாது' என்று கட்டிலில் விழுந்திருப்பீர்கள். அப்போதுதான் அப்பா மெதுவாக வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார்.

"பொங்கலுக்குள்ள வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிடலாம்னு இருக்கேன். எங்களுக்கு என்ன தெரியும்... கலரை நீயே பார்த்துச் சொல்லிடு."

தூக்கம் போயே போச்சு! பிளஸ் ஒன்ல எந்த குரூப்னு அவங்க சொன்னாங்க. எந்த காலேஜ்னு அவங்க சொன்னாங்க. முடி வெட்டுற ஸ்டைல்கூட வீட்டுல பாஸ் ஆகணும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழு முடிவு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கூடவே, விசிறி மாதிரி விரியும் ஒரு ஷேடு கார்டு.

ஒரு நிமிஷம் பாஸ். அந்த விசிறியை விரிக்கும் முன்னாடி என் கதையைக் கேட்டுட்டுப் போங்க.

மதுரையில் எங்கள் வீடு. ஒரு பக்கம் ஒட்டுச்சுவர், மறுபக்கம் நாலடிச் சந்து. ஹாலுக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் எதிரில் நிற்கும். (இந்த ஜன்னலை ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி வரும்.)

அப்போது நான் செகண்ட் இயர். ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு, போர்வைக்குள்ளே போன் வெளிச்சத்தில் ஒரு படம் பார்த்தேன். ஏதோ குளிர் நாட்டு வீடு. கருநீலச் சுவர், சாம்பல் நிற சோபா, மூலையில் ஒரு பித்தளை விளக்கு. செம! உடனே அப்பாவுக்கு அனுப்பினேன். காலையில் போன் வந்தது.

"கொஞ்சம் இருட்டா இருக்காதாப்பா?"

"அப்பா... இதாம்ப்பா இப்ப ட்ரெண்டு."

அப்பா அதற்கு மேல் பேசவில்லை. பையன் இன்ஜினீயரிங் படிக்கிறான், அவனுக்குத் தெரியாததா? அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதைவிட, அம்மாவை யாரும் கேட்கவில்லை என்பதுதான் கரெக்ட்.

நாலு சுவரும் நீலம். அடிக்கும்போது பார்க்க அவ்வளவு மோசமில்லை. அம்மாகூட, "பரவாயில்லையே, நான் பயந்த அளவுக்கு இல்ல" என்றாங்க. மறுநாள் காலையில் பார்த்தால் சுவர் இன்னும் ஒரு படி கறுத்திருந்தது! எமல்ஷன் பெயிண்டின் குணம் அது. ஈரமாக இருக்கும்போது அதிலுள்ள பிசின் பால் மாதிரி வெளுப்பாக இருக்கும். காய்ந்ததும் அந்த வெளுப்பு போய், உள்ளே இருக்கும் நிறம் முழுசாக வெளியே வரும். நம்ம பழைய சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர். மட்டையால் அடிக்கும்போது தண்ணி மாதிரி ஒன்றும் தெரியாது. காயக் காய, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் பளீரென்று வெளுக்கும். கெமிஸ்ட்ரி மக்களுக்கு இது புதுசில்லை. ஆனா வீட்டுச் சுவரில் இதை யோசித்துப் பார்த்திருக்கீங்களா?

பெயிண்ட் காய்ந்த மூன்றாவது நாள் நான் பஸ் ஏறிவிட்டேன். அப்புறம் தேர்டு இயர், ஃபைனல் இயர், பிளேஸ்மென்ட், வெளியூர் வேலை. அந்த நீலத்தோடு நான் இருந்தது வருஷத்துக்கு இருபது நாள் தேறினால் ஜாஸ்தி. அம்மா இருந்தது ஏழு வருஷம்.

போன வருஷம் கால் பிசகி ஒரு மாசம் வீட்டோடு கிடந்தேன். அப்போதுதான் கவனித்தேன். தினமும் மூன்று மணிக்கு அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வாசப்படிக்குப் போய்விடுவாங்க. அரிசியில் கல் பொறுக்குவது, கீரை ஆய்வது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அங்கேதான். சரி, எதிர்வீட்டு அக்காவோடு பேசத்தான் போறாங்க என்று நினைத்தேன். ஒருநாள் வெயில் கொளுத்துகிறது, அப்பவும் வாசலில்.

"ஏம்மா, ஃபேனுக்குக் கீழ உட்காரலாம்ல?"

"உள்ள கல்லு தெரியாதுப்பா."

அவ்வளவுதான். குரலில் கோபம் கிடையாது, குறை கிடையாது. ஏழு வருஷமாக இருந்த ஒரு விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, முறத்தைத் தட்டினாங்க. எனக்குத்தான் எங்கேயோ சுருக்கென்றது.

அதன்பிறகு, காலை நீட்டிக்கொண்டு படுத்தபடியே, அந்த நீலம் ஏன் ஹாலை இருட்டாக்கியது என்று ஆராய்ச்சியில் இறங்கினேன். வேற வேலை?

ஒரு சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கிறது. 0 என்றால் எல்லாவற்றையும் விழுங்கும் கறுப்பு. 100 என்றால் எதையும் விழுங்காத வெள்ளை. நல்ல வெள்ளைப் பெயிண்ட் 80-ஐத் தாண்டும். என் கருநீலம் மாதிரி ஆசாமிகள் 10-க்குப் பக்கத்தில் நிற்பார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்க. ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் நேராக உங்கள் முறத்தில் வந்து விழுவதில்லை. ஒரு சுவரில் பட்டு, அடுத்த சுவரில் பட்டு, தாவித் தாவித்தான் மூலைக்கு வருகிறது. 80 சதவீதம் திருப்பும் சுவர் என்றால் 100 பங்கு வெளிச்சம் முதல் தாவலில் 80, அடுத்ததில் 64, மூன்றாவதில் 51. பாதிக்கு மேல் மிச்சம். 10 சதவீதம் திருப்பும் சுவர் என்றால்? 100, 10, 1. முடிஞ்சது கதை. மூன்றாவது சுவருக்குப் போகும் முன்னாடியே வெளிச்சம் செத்துப்போச்சு.

நான் போனில் பார்த்த வீட்டில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். அங்கே சுவர் எதைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் கவலையில்லை. எங்கள் வீட்டிலோ சந்து பார்த்த ஒற்றை ஜன்னல். படத்தில் நான் பார்த்தது நீலத்தை இல்லை, அந்த ஜன்னலை. அது புரிய ஏழு வருஷம் ஆச்சு!

சரி, கருநீலம்தான் வம்பு, லைட் கலர் எடுத்தால் தப்பிச்சிடலாமா? ம்ஹூம். ஷேடு கார்டுக்கு வேற ஒரு குணம் இருக்கிறது. கார்டில் 'லேசான பிஸ்தா' என்று பார்த்து வாங்கி, நாலு சுவரிலும் ஏற்றியதும் 'ஐயோ, கிளிப்பச்சை!' என்று அலறிய குடும்பங்கள் நம்ம ஊரில் தெருவுக்கு ரெண்டு. கடைக்காரர் ஏமாற்றவில்லை. மறுபடியும் அந்தத் தாவல் வேலைதான். பச்சைச் சுவர் பச்சையைத் திருப்பி அனுப்புகிறது; அது எதிர்ச் சுவரில் பட்டு, இன்னும் வடிகட்டின பச்சையாக இந்தச் சுவருக்கே வருகிறது. ரெண்டு விரல் அகலக் கார்டுக்கு எதிரில் இன்னொரு கார்டு கிடையாது. ரூமுக்கு நாலு பக்கமும் இருக்கிறது. அதனால்தான் எங்க பெயிண்டர் அண்ணன் சொல்வார்: "கார்டுல எது புடிக்குதோ, அதுக்கு ரெண்டு கட்டம் மேல போய் லைட்டா எடுத்துக்கங்க தம்பி. செவுத்துல ஏறினதும் நீங்க கேட்ட கலரே வரும்." முப்பது வருஷமா சுவரைப் பார்க்கிற மனுஷன். அவரிடம் யாரும் கலர் பற்றிக் கேட்பதே இல்லை. எத்தனை நாளில் முடிப்பீங்க, கூலி எவ்வளவு, அவ்வளவுதான் கேட்கிறோம்.

அப்புறம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற பிரச்னை. 19-ம் நூற்றாண்டில் பாரீஸில் கோப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம். அங்கே சாயப் பிரிவுக்கு இயக்குநராக இருந்தவர் செவ்ரல் என்ற வேதியியல் விஞ்ஞானி. 'கறுப்புச் சாயம் சரியில்லை, கறுப்பு அழுத்தமாக இல்லை' என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை! கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்திருந்த நூலின் நிறம்தான் கறுப்பை வெளிறக் காட்டியது. ஒரு நிறத்தைப் பக்கத்து நிறம் மாற்றிக் காட்டும் இந்த விஷயத்தை வைத்து 1839-ல் ஒரு தடிமனான புத்தகமே போட்டார் மனுஷன். (102 வயது வரை வாழ்ந்தார் என்பது எக்ஸ்ட்ரா தகவல்.) உங்கள் ஹாலில் இருக்கும் தரை என்ன நிறம்? சிவப்புத் தரையா, வெள்ளை டைல்ஸா, பச்சை மொசைக்கா? கதவு தேக்குக் கலரா? அதையெல்லாம் விட்டுவிட்டுக் கடையில் நின்று கார்டை மட்டும் பார்த்தால், கறுப்பு நூலைத் தனியாகப் பார்த்த கதைதான்.

கடை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்க அம்மாவோடு புடவைக் கடைக்குப் போயிருக்கீங்களா? நீங்க ஏன் போகப் போறீங்க... உங்க அம்மாவோடு போயிருப்பீங்க, ரெண்டும் ஒண்ணுதான். முப்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லி, அதில் ஒன்றைத் தோளில் வைத்து, கண்ணாடி பார்த்து, கடைசியில் ஒரு வேலை செய்வாங்க. புடவையின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கடை வாசலுக்கே போவாங்க. சேல்ஸ்மேன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். சின்ன வயசில் எனக்கு இது பெரிய மானப் பிரச்னை. தூணுக்குப் பின்னாடி ஒளிந்துகொள்வேன்.

"லைட்டுல ஒரு கலர் காட்டும், வெளில ஒரு கலர் காட்டும்டா. வெளிச்சத்துல பார்த்துத்தான் எடுக்கணும்."

அம்மா சொன்ன இந்த விஷயத்துக்கு இங்கிலீஷில் 'மெட்டமெரிசம்' என்று வாயில் நுழையாத பெயர் இருக்கிறது. ஒரு விளக்கில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு பொருட்கள் இன்னொரு விளக்கில் வேறு வேறாகத் தெரிவது. புடவைக்கு மேட்ச்சிங் பிளவுஸ் பிட் எடுக்கப் போன எந்த அம்மாவுக்கும் இந்தச் சப்ஜெக்டில் டாக்டர் பட்டம் தரலாம். நிறத்துக்குப் பெயர் வைப்பதிலும் அப்படித்தான். நமக்கு 'டார்க் ப்ளூ, லைட் ப்ளூ', முடிந்தால் 'நேவி ப்ளூ'. அவங்களுக்கு மயில்கழுத்து, எம்.எஸ். ப்ளூ, கத்திரிப்பூ, வாடாமல்லி, அரக்கு, பாக்குக் கலர், வெங்காயச்சருகு... இப்படிப்பட்ட ஒரு எக்ஸ்பர்ட்டை வீட்டில் வைத்துக்கொண்டுதான், போர்வைக்குள் போன் பார்த்த ஒருவனிடம் அப்பா கலர் கேட்டார். அவனும் சொன்னான்!

அதனால் கடை டியூப்லைட்டில் கலரை முடிவு பண்ணாதீங்க. நம்ம வீடுகளில் ராத்திரி எரிவது பெரும்பாலும் 'கூல் டேலைட்' என்று அட்டையில் போட்டிருக்கும் 6500 கெல்வின் எல்.இ.டி. நீலச்சாயல் அதிகம். பகலில் அழகாக இருக்கும் சந்தனக் கலர் அதில் சோகையாகத் தெரியும். 2700, 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு என்றால் அதே சந்தனம் தங்கம் மாதிரி தெரியும், ஆனால் இளநீலம் அழுக்காகிவிடும். சுவருக்கு ஆயிரக்கணக்கில் செலவு பண்ணுவதற்கு முன்னாடி, ரெண்டு பல்பை மாற்றிப் போட்டுப் பார்ப்பது ரொம்ப சீப்.

இன்னொரு எச்சரிக்கை. நெட்டில் தேடினால் 'வடக்கு பார்த்த ரூமில் வெயிலே வராது, அங்கே வார்ம் கலர் அடியுங்கள்' என்று அழகாக எழுதியிருப்பார்கள். எழுதியவர் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பார். அவருக்குச் சூரியன் நடுப்பகலில் வருஷம் முழுக்கத் தெற்கே நிற்கும். நமக்கு அப்படியா? மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நேராக உச்சந்தலைக்கு வரும். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே! அக்னி நட்சத்திரத்தில் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப்பார்ப்பது அதனால்தான். நம்ம ஊரில் கவலைப்பட வேண்டிய திசை மேற்கு. சாயங்கால வெயில் அந்தச் சுவரை அடுப்பு மாதிரி சூடாக்கி வைத்துவிடும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை அது உள்ளே சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் வெளிர் நிறம் அடித்தால் நிஜமாகவே சூடு குறையும். உள்பக்கம் என்ன கலர் அடித்தாலும் சூட்டில் பெரிய வித்தியாசம் வராது. 'குளுகுளு நீலம்' என்பது கண்ணுக்கு மட்டும்தான், ஃபேனை நிறுத்த முடியாது.

கண்ணுக்கு என்றதும் இந்த 'கலர் சைக்காலஜி' சமாச்சாரத்தையும் பேசிவிடலாம். பச்சை அடித்தால் படிப்பு ஏறும், ஆரஞ்சு அடித்தால் பசிக்கும், பிங்க் அடித்தால் கோபம் போகும் என்று ரீல்ஸில் ஆளாளுக்கு அடித்துவிடுகிறார்கள். அதில் அந்தப் பிங்க் கதை ரொம்ப பிரபலம். 1979-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு கடற்படைச் சிறையில், கைதிகளின் அறைக்கு ஒரு வகைப் பிங்க் அடித்துப் பார்த்தார்கள். சண்டை குறைந்தது என்றார்கள். அந்தச் சிறை அதிகாரிகள் இருவர் பெயரிலேயே அதற்கு 'பேக்கர்-மில்லர் பிங்க்' என்று பெயரும் வந்துவிட்டது. வேறு சிறைகளும் பிங்க் அடித்தன. பின்னால் ஸ்விட்சர்லாந்து சிறையில் ஒழுங்காகக் கட்டுப்பாடுகளோடு சோதித்தபோது, பிங்க் அறைக்கும் வெள்ளை அறைக்கும் கைதிகளின் கோபத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அந்த ஆய்வு 2015-ல் வெளியானது. ஸோ, அரியர் கிளியர் ஆக பச்சைச் சுவரை நம்பாதீங்க.

ஆனால் ஒரு விஷயத்தில் கலரை விடப் பயப்பட வேண்டியது பழைய கலருக்கு. பழைய வீட்டு ஜன்னல் கம்பி, கதவு, கேட் இதிலெல்லாம் பளபளப்பான மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல் இருக்கும். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மத்திய அரசு 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பரிலிருந்து வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆக்கியது. அதற்கு முன்னால் அடித்ததற்கு யார் பொறுப்பு? உப்புத்தாள் போட்டுக் காய்ந்த பெயிண்டைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியில் அது இருக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கக்கூடியது. அதனால் தண்ணி தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்க, அக்கா பிள்ளைகளையும் வயிற்றுப்பிள்ளைக்காரர்களையும் அந்தப் பக்கம் விடாதீங்க, தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைங்க. பெயிண்டர் அண்ணனுக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்க. கலர் செலக்ட் பண்ணுவதைவிட இது நீங்கள் வீட்டுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

சரி, எங்கள் ஹாலுக்கு வருவோம்.

இந்த வருஷம் அப்பா மறுபடியும் ஆரம்பித்தார். "இந்தத் தடவை என்ன ட்ரெண்டுப்பா?" நான் ஷேடு கார்டை நேராகக் கொண்டுபோய் அடுப்படியில் அம்மா கையில் கொடுத்தேன்.

"எனக்கென்ன... உங்களுக்குப் புடிச்சத அடிங்க."

எல்லா அம்மாவும் சொல்லும் டயலாக். பாதிப்பேர் இதைக் கேட்டதும் 'ஓகே' என்று திரும்பிவிடுவோம். நான் நகரவில்லை. "உனக்குப் புடிச்சது என்னம்மா?" என்று கேட்டேன். ரெண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பீரோவைத் திறந்து ஒரு பழைய காட்டன் புடவையை எடுத்து வந்தாங்க. வெங்காயச்சருகுக் கலர். துவைத்துத் துவைத்து வெளிறிப்போய், கொஞ்சம் பிங்க், கொஞ்சம் மஞ்சள், ரெண்டும் இல்லாத ஒன்று. வழக்கம்போல முதலில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாங்க. அப்புறம் அந்தச் சந்து ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பிடித்துப் பார்த்தாங்க. அப்புறம், "லைட்டப் போடு" என்றாங்க.

பெயிண்ட் கடைக்குப் புடவையோடு போனோம். கடைக்காரர் சிரித்தாலும், பக்கத்தில் வரும் மூன்று ஷேடுகளை எடுத்துக் கொடுத்தார். மூன்றிலும் சின்ன டப்பா வாங்கினோம். சுவரில் அடித்துப் பார்க்கவில்லை; சுற்றி நீலம் இருந்தால் எந்தக் கலரும் தப்பாகத்தான் காட்டும் (செவ்ரல் அய்யா!). ஸ்டேஷனரி கடையில் பெரிய வெள்ளை சார்ட் அட்டை வாங்கி, ஷேடுக்கு ரெண்டு அட்டை வீதம் ரெண்டு கோட் அடித்தோம். ரெண்டையும் மூலையில் 'ட' மாதிரி சேர்த்து வைத்தால், நிறம் ஒன்றின்மேல் ஒன்று பட்டு எப்படி அழுத்தமாகும் என்று அங்கேயே தெரிந்துவிடும். காலையில் பார்த்தோம், மதியம் மூன்று மணிக்குப் பார்த்தோம், ராத்திரி லைட்டில் பார்த்தோம். மூன்று நாள் அட்டைகள் ஹாலிலேயே கிடந்தன. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஓட்டுப் போட்டார்கள். அந்த ஓட்டு எண்ணப்படவில்லை.

அளவு எடுத்தது மட்டும் என் வேலை. 12-க்கு 10 ரூம், 10 அடி உயரம் என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் 400 என்று வையுங்கள். ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 65 சதுர அடி என்று டப்பாவில் போட்டிருந்தால் ஆறேகால் லிட்டர் வரை போகும். மொத்தத்தையும் ஒரே தடவையாகக் கலக்கி வாங்கிடுங்க. பாதியில் தீர்ந்து, மறுபடி மெஷினில் கலக்கினால் ஒரு துளி வித்தியாசம் சுவரில் கோடு போட்டுக் காட்டும். ஷேடு நம்பரை டப்பா மூடியிலிருந்து எங்கேயாவது எழுதி வையுங்க. நாங்கள் மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதியிருக்கிறோம்.

பெயிண்டர் அண்ணன் நீலத்தைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "இத அடக்க எக்ஸ்ட்ரா ஒரு கோட்டு பிரைமர் வேணும் தம்பி." அதற்கான காசு என் சம்பளத்தில் போனது. நியாயம்தானே!

அடுப்படிக்கு அப்பா ஒரு யோசனை வைத்திருந்தார். "கொஞ்சம் டார்க்கா, அழுக்குத் தெரியாத கலரா போட்டுடலாம்."

அம்மா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாங்க. "அழுக்கு தெரியணுங்க. தெரிஞ்சாத்தான துடைக்க முடியும்?"

அடுப்படி வெள்ளை. ஹாலில் மூன்று சுவர் வெங்காயச்சருகு. நாலாவது, டி.வி.க்குப் பின்னாடி இருக்கும் சுவரை அடிக்கப் போகும்போது அம்மா தடுத்துவிட்டாங்க. "அந்த ஒண்ணு நீலமாவே இருக்கட்டும். புள்ள ஆசைப்பட்டு அடிச்சது." ஒரே சுவர் என்றால் அந்த நீலமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஏழு வருஷம் கழித்து ட்ரெண்டுக்கு வந்தேன்.

இப்போது மூன்று மணிக்கு ஹாலில் லைட் போடாமல் பேப்பர் படிக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். மூன்று மணி. ஹாலில் அம்மாவைக் காணோம். எட்டிப் பார்த்தால், முறத்தோடு அதே வாசப்படி!

"ஏம்மா... உள்ளதான் இப்ப கல்லு நல்லாத் தெரியுதுல்ல?"

"தெரியுது, தெரியுது. எதிர்வீட்டு அக்கா உள்ள வந்து உட்காருவாங்களா?"